இருபத்திரண்டாவது கதவு

செரிங்கான் ஆறு, பள்ளிக்கூட மைதானம்
5 ஜூன் 2003

அன்புத் தங்கச்சி ரின்யாவுக்கு,

உயிரோட இருக்கோம். அத முதல்ல எழுதிடறேன், இல்லன்னா மேல படிக்காமயே ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிடுவ. அம்மா, நான், உங்க மாமா, எங்க பசங்க, எல்லாரும் உயிரோட இருக்கோம். உயிர் மட்டுந்தான் இருக்கு.

அறுவடைத் திருநாள் முடிஞ்சு நீ காலைப் படகுல சிபு டவுனுக்குப் போனியே, அன்னிக்கு மதியமே வீடு எரிஞ்சிடுச்சு. நம்ம இருபத்திரண்டாவது கதவு மட்டும் இல்லடி, மொத்த நீளவீடும். இருபத்திரண்டு குடும்பம், இருபத்திரண்டு கதவு, எல்லாத்துக்கும் ஒரே கூரை. ஒரு கோடியில பிடிச்சா மறுகோடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு திருநாள் கள்ளு இறங்காம பொதுக்கூடத்துல கவுந்து கிடந்தாங்க. கால் கிடைச்சவனக் காலப் பிடிச்சு, கை கிடைச்சவனக் கையப் பிடிச்சு இழுத்துப் போட்டோம். அம்மாவ நான் முதுகுல தூக்கிட்டு ஓடினேன். அவளுக்கு ரெண்டு காலும் வராதுன்னு உனக்குத்தான் தெரியுமே. அப்பா வாங்கின பெரிய ஜாடி ரெண்டும் வெடிச்ச சத்தம் இன்னும் காதுல கேக்குது.

தலைவர் கலாங் பள்ளிக்கூட மைதானத்துல கூடாரம் போட வெச்சிருக்கார். அரசாங்கம் அரிசியும் மத்தி மீன் டப்பாவும் குடுத்திருக்கு. குடும்பத்துக்கு ஒரு கம்பளி. அம்மாவும் நானும் அந்த ஒண்ண இழுத்து இழுத்துப் போத்திக்கறோம், விடியறப்ப அவகிட்டதான் இருக்கு. டப்பா மீனா தின்னு பசங்க பக்கத்துல உக்கார முடியல. பழைய துணி, ஒரு சட்டி, அம்மாவோட ரத்தக்கொதிப்பு மாத்திரை, இதெல்லாம் படகுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பு. போன் எல்லாம் எரிஞ்சு போச்சு, இனி கடிதந்தான்.

இன்னொண்ணு. கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சுதான் கேக்கறேன். தீ நம்ம கதவுலதான் ஆரம்பிச்சுதுன்னு எல்லாரும் பாத்துட்டாங்க. முதல் நாள் உன் கடைக்குன்னு அடுப்பு மேல மீனப் புகை போட்டியே, அந்தக் கங்க ஒழுங்கா அணைச்சியாடி? சும்மாதான் கேக்கறேன். தப்பா எடுத்துக்காத.

உன் அக்கா
உமாங்


சிபு, சந்தை
9 ஜூன்

அக்கா,

துணி ரெண்டு மூட்டை, பெரிய சட்டி, கம்பளி, அம்மா மாத்திரை எல்லாம் இந்தப் படகுல வருது. பக்கத்துக் கடைக்காரங்ககிட்டயும் கேட்டு வாங்கினேன். அழுது முடிச்சிட்டுத்தான் எழுத உக்காந்திருக்கேன். அம்மாவத் தூக்கிட்டு ஓடினியே, அதுக்கு உன் கால்ல விழலாம்.

ஆனா 'சும்மாதான் கேக்கறேன்'னு எழுதியிருக்க பாரு, நீ எதையும் சும்மா கேட்டு நான் பாத்ததே இல்ல.

அணைச்சேன். ஒரு வாளித் தண்ணிய ஊத்தி அணைச்சேன். "அடுப்பயே குளமாக்கிட்டா, இனி கஞ்சிய எதுல வைக்கிறது"ன்னு அம்மா திட்டினா, நீ பக்கத்துல நின்னு சிரிச்ச. காலையில நான் படகு ஏறறப்பக்கூட அந்தச் சாம்பல் சொதசொதன்னு இருந்துச்சு.

உன் கடிதத்துல ஒரு விஷயத்தையே காணோம். மாமாவோட பெட்ரோல் எங்க? ஆத்துல போற படகுக்கெல்லாம் மாமா அளந்து ஊத்தி விப்பாரே, அடுப்புக்கு நாலடி தள்ளி நின்னுச்சே நீலப் பீப்பாய் ரெண்டு? வெளிய வைங்க மாமான்னு திருநாள் அன்னிக்கே சொன்னேன். "வெளிய வெச்சா திருடிட்டுப் போயிடுவான், உன் கடைய நீ பாரு"ன்னார். இப்ப அவர் வலது கையில முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருக்கார்னு படகுக்காரர் சொல்றார். நீ ரெண்டு பக்கம் எழுதியிருக்க, அதுல அந்தக் கட்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கை எப்படி இருக்குன்னு நான் கேட்டதா சொல்லு.

ரின்யா


பள்ளிக்கூட மைதானம்
16 ஜூன்

என் செல்லத் தங்கச்சிக்கு,

மூட்டை வந்து சேந்துச்சு. நீ நல்லா இருக்கணும். அந்தப் பச்சைப் பூப்போட்ட சட்டைய அம்மா கழட்டவே மாட்டேங்கறா.

நேத்து துணை மந்திரி வந்தார். கூடவே அட்டையில செஞ்ச செக் ஒண்ணு, கட்டில் அளவுக்கு. தலைவர் ஒரு பக்கம் பிடிச்சார், மந்திரி ஒரு பக்கம் பிடிச்சார், போட்டோ எடுத்தாங்க. எடுத்து முடிச்சதும் அட்டைய மடக்கிப் படகுல ஏத்திட்டாங்க. பசங்க அத வெச்சுக் கூடாரத்துக்குக் கூரை போடலாம்னு பாத்துக்கிட்டிருந்தானுங்க, பாவம். ஆனா உதவி நெசமாவே வருதாம். புது நீளவீடு கட்ட மரம், தகரம், கூலி எல்லாம் மாநிலம் தருது. கதவுக்கு இவ்வளவுன்னு. எந்தெந்தக் கதவுன்னு தலைவர் சொல்றதுதான் பேச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். கோவப்படாம படி.

நம்ம ஆத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? வீட்ட எரிச்சவங்களுக்குப் புது வீட்டுல கதவு கிடையாது. கரையில தனியா குடிசை போட்டுக்கணும். எந்த நீளவீட்டு ஏணியிலயும் கால் வைக்கக் கூடாது. அவங்க கையால யாரும் வாங்கித் தின்ன மாட்டாங்க. தீ மூட்டினது யாரோ, அவங்க எந்தக் கதவோ, அந்தக் கதவு மேலதான் பழி. கதவு போச்சுன்னா எல்லாமே போச்சுடி. அரிசி, பசங்களோட பள்ளிக்கூட உடுப்பு, அம்மாவப் பாக்க வர்ற டாக்டர் படகு, எதுக்குப் போனாலும் "எத்தனாவது கதவு"ன்னுதானே முதல்ல கேக்கறான்?

ஆமா, மாமாதான். உன்கிட்ட எதுக்கு மறைக்கணும். வாயில சிகரெட்டோட பெட்ரோல் ஊத்தினார். வேணும்னா செஞ்சார்? பெட்ரோல் விக்க அவருக்கு லைசென்ஸ் வேற இல்ல. விஷயம் தெரிஞ்சா போலீஸ் வரும். கதவும் போய்க் கட்டினவரும் உள்ள போயிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?

தீ யாரால வந்துச்சுன்னு விசாரிக்கத் தலைவர் சபை கூட்டப் போறார், அதுல வாசிக்கற மாதிரி நீ ஒரு கடிதம் எழுதிக் குடுத்தா போதும். ரெண்டு வரி. மீன் புகை போட்ட கங்குல இருந்துதான் தீ பிடிச்சுதுன்னு ஒரு வரி. கல்யாணம் ஆனப்பவே நீ நம்ம கதவ விட்டுப் போயிட்டன்னு இன்னொரு வரி. ரெண்டாவது வரிய மறந்துடாத, அது இல்லன்னா பழி சுத்திக்கிட்டு நம்ம கதவுக்கே வந்துடும். நீ டவுன்ல இருக்கறவ. உனக்குன்னு கடை இருக்கு. இந்த ஆத்துல உனக்கு என்ன நட்டம்?

யோசிச்சு எழுது. அம்மாவ நினைச்சு எழுது.

உமாங்


சிபு
21 ஜூன்

அக்கா,

என்ன நட்டம்னு கேட்டிருக்க. சொல்றேன், கேட்டுக்கோ.

கல்யாணம் ஆனப்ப என் பேர நம்ம கதவுல இருந்து எடுத்துடுன்னு நானே சொன்னேன். "எடுக்காத, ஆள் கணக்குக்குத்தான் அரிசி வருது"ன்னது யாரு? இத்தனை வருஷமா என் பேருக்கு வந்த அரிசிய வடிச்சுத் தின்னது யாரு? என் வீட்டுக்காரர் செத்தப்ப, கூடத்துல அத்தனை பேர் முன்னாடி, "சிபு சலிச்சா வந்துடுடி, கதவு உனக்காகத் திறந்தே இருக்கும்"னு என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதியே, அது யாரு? அரிசிக்கு நான் உள்ள. பழிக்கு வெளிய. நல்லா இருக்குக்கா உன் கணக்கு. கதவே இல்லாதவ தலையில கட்டிட்டா எந்தக் கதவுக்கும் சேதாரம் இல்ல, அப்படித்தானே?

எனக்குப் புள்ளை இல்ல, புருஷன் இல்ல. கைகால் ஓஞ்சா அங்க வந்து படுத்துக்கலாம்னு இருந்தேன். எனக்கு இருக்கற ஒரே இடம் அது. அதத்தான் நீ ரெண்டு வரியில எழுதித் தரச் சொல்ற.

கடை இருக்குன்னு எழுதியிருக்க. என் கடையில இருக்கறது என்ன, தங்கமா? நம்ம ஆத்துப் பொம்பளைங்க அனுப்பற கீரையும் மூங்கில் குருத்தும் புகை மீனும்தானே. வாங்கறவங்களும் ஆத்துக்காரங்க. இப்பவே போன படகுல ஒரு கட்டுக் கீரை வரல. நேத்து நம்ம நீளவீட்டு லெம்பா அத்தை கடைக்கு முன்னால வந்து நின்னா. "வாங்க அத்தை, கீரை தரட்டுமா"ன்னேன். "இல்ல, தாகமா இல்ல"ன்னுட்டுப் போயிட்டா. கீரைக்கு எதுக்குக்கா தாகம்? நான் எழுதறதுக்கு முன்னாடியே நீ அங்க என் பேரச் சொல்லி வாய் விட்டுட்டன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

எழுத மாட்டேன்.

வேணும்னா ஒண்ணு பண்ணு. அம்மாவச் சொல்லச் சொல்லு. அவ அந்த அறையிலயே இருந்தா, எல்லாத்தையும் பாத்தா. சபையில தலைவர் கேட்டு, "தீ என் சின்னவ மூட்டினது"ன்னு அவ வாயால சொல்லட்டும், நீ கேட்ட ரெண்டு வரிய நான் எழுதித் தரேன். சத்தியமா எழுதித் தரேன். அம்மா சொல்ல மாட்டா. ஒரு முட்டைய எடுத்துத் தின்னுட்டு இல்லன்னு சொன்னதுக்கு என் வாயில மிளகாயத் தேச்சவ அவ. நீ என்ன வேணா செய்வ, அவ செய்ய மாட்டா.

ரின்யா


பள்ளிக்கூட மைதானம்
30 ஜூன்

ரின்யா,

சபை கூடிச்சு. நீ கேட்ட மாதிரியே ஆச்சு.

தலைவர் கலாங் அம்மாவுக்கு நாற்காலி போட்டார். எல்லாக் கதவுல இருந்தும் வந்திருந்தாங்க. உன் கடிதத்துல இருந்ததத் தலைவர்கிட்ட சொல்லியிருந்தேன், 'அம்மா சொன்னா ஒத்துக்கறேங்கறா'ன்னு. அவரும் அது நியாயம்தான்னார்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. அன்னிக்குத் தீ யார் மூட்டினது?"

"சின்னவ."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். மீன் அடுப்பு."

"வேற எதுவும் இல்லையே?"

"இல்ல. எவ்வளவு நேரம் உக்கார வைப்பீங்க? இடுப்பு வலிக்குது."

அவ்வளவுதான். லெம்பா அத்தை மட்டும் "அடப்பாவி"ன்னா. உன்னச் சொன்னாளா, அம்மாவச் சொன்னாளான்னு தெரியல. உங்க மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டார். அவருக்கும் மனசு இல்லாம இல்ல.

நான் எதுவும் சொல்லிக் குடுக்கலடி. என் பசங்க மேல சத்தியம். காலையில கஞ்சி ஊத்தறப்ப, "கதவு போயிட்டா எங்க போவோம்மா"ன்னு மட்டுந்தான் கேட்டேன். அழுகை வந்துச்சு, அழுதேன். அது தப்பா?

சபை முடிஞ்சு அவளப் படுக்க வெச்சப்ப, "ஏம்மா, மனசு கஷ்டமா இருக்கா"ன்னு கேட்டேன். "எதுக்குக் கஷ்டம்? மலம் மூத்திரம் அள்ளறது நீ. அவ வருஷத்துக்கு ஒருக்கா பிஸ்கட் டின்னத் தூக்கிட்டு வந்துட்டுப் போறவ. அவளுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னா. இத எழுதலாமா வேண்டாமான்னு பாத்தேன். உனக்குத் தெரிஞ்சா மனசத் தேத்திக்கறதுக்குச் சுலபம்னுதான் எழுதறேன்.

வாக்குக் குடுத்தவ நீ. அடுத்த படகுல அனுப்பிடு. கதவுப் பட்டியல் ஜூலையிலயே போகணுமாம்.

உமாங்


சிபு
7 ஜூலை

செரிங்கான் நீளவீட்டு இருபத்திரண்டு கதவுகளுக்கும், தலைவர் கலாங் அவர்களுக்கும்:

என் அம்மா சபையில் சொன்னது உண்மை. நான் மீன் புகை போட்ட கங்கிலிருந்துதான் தீ பிடித்தது. திருமணமானபோதே நான் என் அக்காவின் கதவை விட்டுப் போய்விட்டேன். இப்போது எனக்கு எந்தக் கதவும் இல்லை. பழி என் ஒருத்தியுடையது. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வழக்கப்படி இனி உங்கள் ஏணியில் நான் கால் வைக்க மாட்டேன்.

ரின்யா

அக்கா, மேல இருக்கறது சபைக்கு. கிழிச்சுக் குடுத்துடு. இது உனக்கு.

பிஸ்கட் டின்னா? மாசா மாசம் வர்ற மாத்திரைய அவ என்ன நினைச்சா, வானத்துல இருந்து விழுதுன்னா? அவ கண்ணு ஆபரேஷனுக்கு வந்தப்ப இங்க இருபது நாள் யாரு அள்ளினது? கேட்டியா நீ? கேட்டிருக்க மாட்ட.

உன்கிட்ட தோத்தா பரவால்லன்னு இருந்தேன். சின்ன வயசுல இருந்து பழகினதுதான். சாட்சிக்கு அவளக் கூப்பிட்டது நானேதான், அதத்தான் என்னால முழுங்க முடியல. ரெண்டு நாளா கடையத் திறக்கல. திறந்து மட்டும் என்ன ஆகப் போகுது.

ஒண்ணே ஒண்ணு எழுது. என்னைச் சொன்னப்ப அம்மா அழுதாளா? கொஞ்சமாவது கண்ணு கலங்கிச்சா? இல்லன்னாலும் ஆமான்னு எழுதுக்கா. உனக்கா பொய் சொல்லத் தெரியாது.

ரின்யா


செரிங்கான் ஆறு, புது வீடு
4 செப்டம்பர்

அன்புத் தங்கச்சி ரின்யாவுக்கு,

கோவமா? கடிதம் எழுத நேரமே இல்லடி. வீட்டு வேலை அப்படி நடக்குது.

உன் கடிதத்தத் தலைவர் ரெண்டு தடவை சத்தமா வாசிச்சார். "மரியாதையா எழுதியிருக்கா, படிச்ச பொண்ணு"ன்னார். எனக்குப் பெருமையா இருந்துச்சு. நம்ம கதவு பட்டியல்ல ஏறிடுச்சு. மரம் வந்து நம்ம பக்கம் கட்டி முடிஞ்சு குடி வந்துட்டோம், தகரம் சிவப்பு. அறைக்கு ஜன்னல் ரெண்டு, முன்ன ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு விதத்துல பாத்தா உன் தீயால எல்லாருக்கும் நல்லதுதான் நடந்திருக்குன்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன். ஜனங்களும் இப்ப அவ்வளவு கோவமா இல்ல. புது வீட்டுக்குப் பன்னி வெட்டினாங்க. உன் பேரச் சொல்லி ஒரு கறுப்புக் கோழியக் கழுத்தறுத்து ஆத்துல விட்டாங்க. கெட்டது அதோட போச்சு.

மாமாவுக்குக் கை ஆறிடுச்சு, ரெண்டு விரல்தான் மடங்காது. கட்டட வேலைக்குப் படகு வந்துக்கிட்டே இருக்கறதால பெட்ரோல் வியாபாரம் திரும்ப ஆரம்பிச்சிட்டார். இப்ப பீப்பாய் மூணு. கூட்டம் அதிகம், வெளிய வெச்சா திருட்டுப் போயிடும், அதனால அம்மா படுக்கற இடத்துக்குப் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கோம். அவதான் எங்கயும் போறதில்லையே, பாத்துக்குவா.

மாத்திரை தீந்து போச்சு. உன் கையால வர்ற பொருள் எதுவும் ஏணி ஏறக் கூடாதாம். காசா அனுப்பினா தப்பில்லன்னு தலைவர் சொல்லிட்டார். காசுக்குத் தீட்டு இல்லையாம். பசங்களுக்கும் உடுப்பு எடுக்கணும்.

உன் கடை நல்லா ஓடுதா?

உமாங்


சிபு
11 செப்டம்பர்

அக்கா,

கடை இல்ல. ஆடி அடங்கினதுக்கு அப்புறம் கேக்கற. அந்த இடத்துல இப்ப ஒருத்தன் பிளாஸ்டிக் வாளி விக்கிறான். நான் ஒரு சீன நூடுல்ஸ் கடையில தட்டுக் கழுவறேன். அந்த முதலாளிக்கு நம்ம ஆத்து வழக்கம் தெரியாது, அதனால என் கை அவனுக்குப் பரவால்ல. நேத்து நம்ம ஆத்துக்காரங்க நாலு பேர் சாப்பிட வந்தாங்க. என்னைப் பாத்ததும் எழுந்து போயிட்டாங்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா அவனும் என்னை நிறுத்திடுவான்.

அம்மா மாத்திரைக்குக் காசு இந்தக் கடிதத்தோட இருக்கு. பசங்களுக்கு இப்ப முடியாது.

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதல. வேண்டாம், இனி எழுதாத.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். அந்தப் பீப்பாய அம்மா பக்கத்துல வைக்காதீங்க. அவளால ஓட முடியாது. போன தடவை நீ அறையில இருந்த, தூக்கிட்டு ஓடின. எல்லா நாளும் நீ அறையில இருப்பியா? மாமா வாயில சிகரெட் இல்லாம நான் பாத்ததில்ல. கீழ படகுத் துறையில ஒரு கொட்டாய் போட்டு வைங்க, பூட்டு நான் வாங்கித் தரேன். அவ என்னை என்ன சொல்லியிருந்தாலும் சரி. இத மட்டும் செய்யுக்கா.

ரின்யா


செரிங்கான் ஆறு
19 செப்டம்பர்

ரின்யா,

காசு வந்துச்சு.

மத்ததப் படிச்சோம். உங்க மாமா கடிதத்தக் கசக்கி எறிஞ்சிட்டார், நான்தான் எடுத்து வெச்சேன். எங்களுக்கு யார் வேணா புத்தி சொல்லட்டும். நெருப்பப் பத்தி நீ பேசலாமா? வெக்கமா இல்ல உனக்கு? ஒரு அடுப்புக் கங்க ஒழுங்கா அணைக்கத் துப்பில்லாம இருபத்திரண்டு குடும்பத்தக் கரையில நிறுத்தினவ நீ. மாமா எத்தனை வருஷமா பெட்ரோல் விக்கிறார், அதுக்கு முன்னாடி என்னிக்காவது எரிஞ்சுதா? நீ வந்து கால் வெச்சுட்டுப் போன அன்னிக்குத்தானே எரிஞ்சுது. நானும் ஊர்ல எல்லார்கிட்டயும் உனக்காகப் பரிஞ்சு பேசிப் பேசி அலுத்துப் போயிட்டேன். கூடப் பொறந்தவளாச்சேன்னு எவ்வளவுதான் பொறுக்கறது?

பீப்பாய் இருக்கற இடத்துலயேதான் இருக்கும்.

உன் கடிதத்த அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டா. "அந்தப் பொண்ண இங்க எழுத வேணாம்னு சொல்லு, எனக்குப் பயமா இருக்கு, மறுபடி எரிச்சிடுவா"ன்னா. அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. அவ கையப் பிடிச்சுக்கிட்டு நானும் முழிச்சிருந்தேன். அதனால இனி எழுதாத. அடுத்த மாசத்துக் காசப் படகுக்காரர்கிட்ட குடுத்துடு, உறைமேல உன் பேர் வேண்டாம்.

உமாங்